இந்தக் கதையில் பல் டாக்டர் எத்தனை முறை வர வேண்டும்?

1

இந்தக் கதை என் சித்தி கேட்ட ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது. கேட்கும்போது அவள் வாய்க்குள் ஒரு குட்டிக் கண்ணாடியும் எச்சில் உறிஞ்சும் குழாயும் இருந்தன. அதனால் கேள்வியில் பாதிதான் வெளியே வந்தது. "எத்தன தடவ வரணும் டாக்டர்?" என்பதுதான் முழுக் கேள்வி. அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மூலை ஸ்டூலில் உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. கதை கிடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஒற்றைச் செருப்போடு எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம் இது:

பனி பெய்துகொண்டிருந்தது. பல் மருத்துவர் ஜன்னலருகே நின்று தன் தனிமையை

(விட்டுவிட்டேன். மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தள்ளுகிறவள் நான். எந்த ஜன்னலைப் பார்த்தாலும் வெளியே பனி பெய்தாக வேண்டும் எனக்கு. அன்று மண்டையைப் பிளக்கும் வெயில். டாக்டருக்குத் தனிமையும் இல்லை. அடுத்த அறையில் அவர் கணவர் யாருக்கோ கடைவாய்ப்பல் பிடுங்கிக்கொண்டிருந்தார்.)

இரண்டாவது:

ஒரு பல் ஆடத் தொடங்கும்போது உலகமே

(உலகம் ஆடவில்லை. மேல் வரிசையில் முன்பல் ஒன்று ஆடியது. அவ்வளவுதான்.)

மூன்றாவது தொடக்கத்தில் சித்தியை நேராக உள்ளே விட்டேன். அதற்குப் பிறகு என் கை சும்மா இருக்கவில்லை.

2

சித்தி குரல் கொடுப்பவள். வேறு மொழிக் கார்ட்டூன் தொடர்களைத் தமிழில் பேசவைக்கும் ஒரு சின்ன ஸ்டூடியோவில் அவளுக்கு வேலை. வசனம் எழுதுவது நான். ஒலிப்பதிவாளரை எல்லோரும் 'காது' என்றுதான் கூப்பிடுவோம். அவரும் திரும்பிப் பார்ப்பார். பதிவறைச் சுவரெல்லாம் பஞ்சு மெத்தை. ஏசியின் இரைச்சல் மைக்கில் விழும் என்பதால் பேசும்போது அதை அணைத்துவிடுவோம். வேர்த்து வழிந்துகொண்டே சித்தி பனிமலை இளவரசிக்கு அம்மாவாகப் பேசியிருக்கிறாள்.

போன தொடரில் அவளுக்கு ஒரு கிழட்டு நரி. ராஜாவுக்கு மந்திரி, ராஜாவுக்கே குழி பறிக்கும் மந்திரி. பாதித் தொடர் போனபோது காது ஹெட்போனைக் கழற்றினார்.

"அக்கா, எங்கேயோ விசில் அடிக்குது."

'ச' வருகிற இடத்திலெல்லாம் மெலிதாக ஒரு விசில். அது வாயிலிருந்து வருகிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஸ்டூடியோக்காரர்களுக்கு உலகத்தில் எந்தக் கோளாறு வந்தாலும் அது மைக்கில்தான். காது மைக்குக்கு முன்னால் இருந்த வலையை மாற்றினார். பிறகு வயரை. பிறகு மைக்கையே. கடைசியில் என்னிடம் வந்தார்.

"'ச' இல்லாம எழுத முடியுமா உன்னால?"

எனக்குக் கொண்டாட்டம். ஓர் எழுத்தை ஒதுக்கிவைத்துவிட்டு எழுதும் சாகசங்களைப் பற்றி வாய் பிளந்து படித்தவள், இப்போது அதைச் சம்பளத்துக்கே செய்யலாம். "சரி, சும்மா சொல்லு, சாவி எங்க?" என்பதை இப்படி மாற்றினேன்: "ம், மறைக்காத. பூட்டத் திறக்குறது எங்க இருக்கு?" திரையில் நரி வாயை மூடிய பிறகும் சித்தி பேசிக்கொண்டிருந்தாள்.

அதற்குள் ஒரு பகுதி விசிலோடு சேனலுக்குப் போய்விட்டது. அங்கிருந்து போன். நாங்கள் மூவரும் திட்டு வாங்கத் தயாராக ஸ்பீக்கரைச் சுற்றி நின்றோம். அவர்களோ அந்த விசிலுக்காகத்தான் கூப்பிட்டிருந்தார்கள். குழந்தைகள் வீடு வீடாக அதேபோல் பேசிக் காட்டுகிறார்களாம். அடுத்த சீசன் முழுக்க நரியைச் சுற்றித்தான். குரல் சித்தியேதான், விசில் மட்டும் குறையக் கூடாது.

இத்தனை வருஷம் பக்கத்து வீட்டு அம்மா, இரண்டாவது தோழி, கூட்டத்தில் ஒரு குரல் என்று பேசியவள் அவள். முதல்முறையாக அவளுக்கென்று ஒரு நரி கிடைத்தது.

3

அந்த வாரமே பிஸ்கட்டைக் கடிக்கும்போது முன்பல் அசைந்தது. விசில் எங்கிருந்து வருகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. பல் போய்விடுமே என்று சித்தி பயப்படவில்லை. நரி போய்விடுமே என்று பயந்தாள். என்னைக் கூட்டிக்கொண்டு காலையிலேயே பல் டாக்டரிடம் ஓடினாள்.

"டாக்டர், இந்தப் பல்லு இப்படியே ஆடிட்டு இருக்கணும். ஆனா விழக் கூடாது. அதுக்கு ஏதாவது பண்ண முடியுமா?"

டாக்டர் கையுறையைப் பாதி மாட்டியபடி அவளைப் பார்த்தார். "இப்படி ஒருத்தர் கேட்டு நான் பார்த்ததில்ல" என்றார்.

நாற்காலி சாய்ந்தது. தலைக்கு மேல் விளக்கு எரிந்தது. சித்தியின் நெற்றியில் வியர்வை, விரல்களில் நடுக்கம். நான் பரபரவென்று குறிப்பெடுத்தேன்:

அவள் விரல்கள் நடுங்கின. அந்த நடுக்கத்தில் அவள் வாழ்நாளின் எல்லாப் பயங்களும், சொல்லாமல் விட்ட எல்லாச் சொற்களும், இழக்கப்போகும் ஒரே குரலின்

"காலையில சாப்பிட்டீங்களா?" என்றார் டாக்டர்.

"இல்ல டாக்டர்." சித்திக்குப் பெருமை தாங்கவில்லை. "வெறும் வயித்தோடதான் வந்திருக்கேன். தண்ணிகூடக் குடிக்கல."

"சர்க்கரை இருக்கா உங்களுக்கு?"

"இருக்கு, ரொம்ப வருஷமா. மாத்திரை கரெக்டா போட்டுட்டேன்."

டாக்டர் நாற்காலியை நிமிர்த்தினார். விரலில் குத்திப் பார்த்தார். குளுக்கோஸைக் கலக்கிக் கையில் கொடுத்து, "முழுசா குடிங்க" என்றார். "மாத்திரை போட்டுட்டுப் பட்டினி கிடந்தா சர்க்கரை இறங்காம என்ன பண்ணும்? ரத்த டெஸ்ட்டுக்காம்மா வந்திருக்கீங்க? பல்லக் காட்டத்தானே. இங்க வரும்போது எப்பவும்போலச் சாப்பிட்டு, எப்பவும்போல மாத்திரை போட்டுட்டு வாங்க."

கொஞ்ச நேரத்தில் விரல்கள் அடங்கின. என் பத்தியில் அவை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன. அதை அடிக்க மனம் வரவில்லை. ஆகவே தெரிந்தேதான் விட்டிருக்கிறேன்: பயத்தைப் பற்றி நான் எழுதிய மிக நல்ல வாக்கியம், பட்டினியைப் பற்றியது.

அன்று பல்லைத் தொடாமலே அனுப்பிவிட்டார்.

4

இங்கேதான் சிக்கல். துணைப் பாத்திரம் ஒருமுறை வர வேண்டும், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போய்விட வேண்டும் என்பது நான் கைவசம் வைத்திருக்கும் விதி. இந்த டாக்டர் ஒன்றுமே செய்யாமல் ஒருமுறை வந்துவிட்டார். இப்போது மறுபடியும் வந்தாக வேண்டும். சித்தி மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்திருக்கிறாள்.

அளவுக்கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டுப் பார்த்தார் டாக்டர். போன இடமெல்லாம் ரத்தம் கசிந்தது.

"பல்லு விளக்கும்போது இப்படி வருமா?"

"வரும். முரட்டு பிரஷ் டாக்டர் அது."

"பிரஷ் மேல பழியப் போடாதீங்க. ஈறு கெட்டு எலும்பு வரைக்கும் இறங்கியிருக்கு. ஏன் இவ்வளவு நாள் வரல?"

"வலிக்கலயே. வலிச்சா ஓடி வந்திருப்பேன்."

"ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது. அதான் அதோட சாமர்த்தியம்."

சர்க்கரை ஏறினால் ஈறு கெடுகிறது. ஈறு கெட்டால் சர்க்கரை அடங்க மறுக்கிறது. ஒன்றுக்கொன்று தூபம் போட்டுக்கொண்டே போகும் என்று டாக்டர் சொன்னபோது, நரியும் ராஜாவும் எனக்கு ஞாபகம் வந்தார்கள். (உவமை வேண்டாம் என்று நினைத்தேன். வந்துவிட்டது.) ஈறுக்கு அடியில் சுத்தம் செய்து, ஆடும் பல்லைப் பக்கத்துப் பற்களோடு பின்பக்கமாக மெல்லிய கம்பியால் கட்டலாம் என்றார்.

"கட்டினா விசில்?" என்றாள் சித்தி.

"இருக்கலாம், போகலாம். வீக்கம் வடிஞ்சா இடைவெளி பெருசாகி இன்னும் சத்தமாவும் வரலாம். அத நான் சொல்ல முடியாது. கட்டலன்னா பல்லு போயிடும். அத மட்டும் சொல்ல முடியும்."

சித்தி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு வாயைத் திறந்தாள். கண்ணாடி உள்ளே போன பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

டாக்டர் குழாயை எடுத்துவிட்டுப் பதில் சொன்னார். "சர்க்கரை இருக்கிறவங்க ஆறு மாசத்துக்கு ஒரு தடவையாவது வரணும். உங்களுக்கு ஈறும் கெட்டிருக்கு, நீங்க கொண்டுவந்த ரிப்போர்ட்டுல மூணு மாசச் சர்க்கரையும் ஏறியிருக்கு. அதனால மூணு மாசத்துக்கு ஒரு தடவை. ரெண்டும் அடங்கினா தள்ளிப் போடலாமான்னு பார்ப்போம்."

"எவ்வளவு நாளைக்கு டாக்டர்?"

"சர்க்கரை எவ்வளவு நாளைக்கு?"

"அது போகாதே."

"அப்போ நானும் போகமாட்டேன்."

ஸ்டூலில் இருந்த நான் கிட்டத்தட்ட எழுந்து நின்றுவிட்டேன். கதைக்கு ஒரே ஒரு பெரிய நாள் வேண்டும். ஈறுக்கு ஒன்றுமே நடக்காத சின்னச் சின்ன நாட்கள் வேண்டும், வரிசையாக, விடாமல். போய் உட்கார்வது, வாயைத் திறப்பது, "பரவாயில்ல, நல்லாருக்கு" என்று கேட்டுவிட்டு வீடு திரும்புவது. இதை எந்த வாசகர் படிப்பார்? ஆனால் என் சித்தி இப்படிப்பட்ட கதையில்தான் பல்லோடு இருப்பாள்.

5

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

சித்தி கம்பி கட்ட மறுக்கிறாள். பதிவின் நடுவே நரி சிரிக்கும் இடத்தில் பல் மைக்கின் மேல் விழுகிறது. (நாடகம். பல்லுக்கு என் வசனத்தின் அருமை எப்படித் தெரியும்?)

கட்டுகிறாள். பல் நின்றது, விசில் நின்றது, சர்க்கரை இறங்கியது, நரி உச்சத்துக்குப் போனது. (பற்பசை விளம்பரம்.)

நடந்தது இதுதான். கட்டிக்கொண்டாள். கட்டியதிலிருந்து வீட்டில் 'ச' இருக்கிற வார்த்தை எதையும் பேசவில்லை. விசில் போய்விட்ட சேதி தெரிந்துவிடுமோ என்ற பயம். சித்தப்பா எதைக் கேட்டாலும் "ஆகட்டும்". அவருக்கு அந்த மாதங்கள் சொர்க்கம்.

புது சீசனின் முதல் பதிவு, மறுபடி டாக்டரைப் பார்க்க வேண்டிய நாளிலேயே வந்து விழுந்தது. சேனல்காரர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். மைக்கின் முன்னால் நின்றதும் சித்தி காதிடம் சொன்னாள்.

"தம்பி, நாலு மணிக்கு நான் கிளம்பிடுவேன். டாக்டரப் பார்க்கணும்."

"அக்கா, விளையாடாதீங்க. இன்னைக்குத்தான் விசில் இருக்கா இல்லையான்னே பார்க்க வந்திருக்காங்க. பல்லு எங்க ஓடிப் போகுது, அடுத்த வாரம் காட்டக் கூடாதா?"

"அடுத்த வாரம்னு தள்ளித் தள்ளித்தான் இங்க வந்து நிக்குறேன்."

"விசில் இல்லன்னா நரிய வேற யாருக்காவது தூக்கிக் குடுத்துருவாங்க. அப்போ நீங்க இருந்து பேசிப் பார்க்க வேணாமா?"

"குடுக்கட்டும் தம்பி. நரிக்கு வேற வாய் கிடைக்கும். என் வாய்க்கு இந்தப் பல்ல விட்டா வேற கிடையாது. நாலு மணி. நீ ஏசிய அணை."

காது அணைத்தார். அறை அடங்கியது. சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் நரி மெதுவாகத் திரும்பி வாயைத் திறந்தது. முதல் வசனத்தை நான் 'ச'வை ஒளிக்காமல் எழுதியிருந்தேன்:

"சபாஷ் சின்ன ராசா, சிங்கத்தோட சிம்மாசனத்துல சுண்டெலியா?"

சித்தி மூச்சை இழுத்தாள்.

நான் இங்கே விலகிக்கொள்கிறேன். அந்த வரியை நீங்கள் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள், நரியாக, நிதானமாக. உங்கள் வாயில் வருகிற சத்தம்தான் அந்த அறையில் கேட்டது. சேனல்காரர்கள் முகம் எப்படிப் போனது என்பதையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மணி நாலாகப் போகிறது. கைப்பையை எடுத்துக்கொண்டு நான் அவளோடு போக வேண்டும்.