பத்து பத்தில் நின்ற வாட்ச்

அந்த வாட்ச் கடையில், மூன்றாவது ஷோகேஸுக்கு முன்னால் மட்டும் இருபத்திரண்டு வருடமாக மணி காலை பத்து பத்துதான். கடையின் மற்ற இடங்களில் மதியம் வரும், சாயங்காலம் வரும், ஷட்டரை இறக்கும் நேரமும் வரும். அந்த ஷோகேஸைச் சுற்றி இருந்த ஆறு டைல்ஸ் மேல் மட்டும் காலை வெயில் சாய்வாக விழுந்தபடியே இருக்கும். வெயிலை நம்பி முதலாளி அங்கே பல்பே போடவில்லை. கூட்டிப் பெருக்க வரும் அம்மா சாப்பாட்டு டப்பாவை அங்கேதான் வைப்பாள், எந்நேரம் திறந்தாலும் ஆவி பறக்கும். மூக்குக் கண்ணாடி விற்கும் பக்கத்து கவுண்டர்காரர் தன் டீயை அங்கே வைத்துவிட்டு மூன்று முறை வெளியே போய்வந்து, பிறகு ஊதிக் குடிப்பார். புதிதாக வேலைக்கு வருபவர்கள் முதல் நாள் வாயைப் பிளப்பார்கள், இரண்டாம் நாள் அவர்களும் டம்ளரோடு வந்து நிற்பார்கள்.

காரணம் ஒன்றும் ரகசியமில்லை. விற்பனைக்கு வைக்கும் வாட்சுகளைப் பத்து பத்தில் நிறுத்திவைப்பது அந்தத் தொழிலில் வழக்கம். இரண்டு முட்களும் கம்பெனிப் பெயரை மறைக்காமல் விரிந்து நிற்கும், பார்க்கவும் சிரித்த முகமாக இருக்கும். சாவிக் குமிழை ஒரு பல் வெளியே இழுத்துவிட்டால் முள் அப்படியே நின்றுவிடும். மற்ற வாட்சுகளையும் இப்படித்தான் நிறுத்தினார்கள். ஆனால் அவை ஆறேழு மாதத்தில் விற்றுப்போனதால் எதற்கும் அங்கே வேர் பிடிக்க நேரம் கிடைக்கவில்லை. இந்த வாட்ச் அப்படி இல்லை. நீல டயல், தங்க விளிம்பு, ஒரு சின்ன வீடு வாங்குகிற விலை. வந்தது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. விலையைக் குறைக்கச் சொன்னவர்களிடம் முதலாளி, "குறைச்சா வாட்ச்சோட மரியாதை போயிடும்" என்றார். சரி, கொஞ்சம் ஓடவிட்டாவது பார்க்கலாமே என்றால் அதுவும் கூடாது. விற்காத வாட்ச் ஒரு நிமிடம் ஓடினாலும் அது பழசு என்பது அவர் கட்சி. அதே கையோடு, விற்ற வாட்ச் ஓடாமல் படி இறங்கக் கூடாது என்பதும் அவர் கட்சிதான்.

வாங்க ஆள் வராமல் இல்லை. கார்களில் வந்தார்கள், மனைவிக்கு, மாப்பிள்ளைக்கு, தனக்கே என்று வந்தார்கள். வந்து அந்த டைல்ஸ் மேல் நின்றதும் அவர்களுக்கு அவசரம் விட்டுப்போகும். இன்னும் முழு நாளும் கையில் இருக்கிற நிம்மதி முகத்தில் வந்து உட்காரும். காலை பத்து பத்துக்கு எவன் முடிவெடுப்பான்? "யோசிச்சுட்டு வரேன்" என்று சிரித்துக்கொண்டே போவார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்ததில்லை.

அந்த ஷோகேஸுக்குப் பொறுப்பாக நின்ற விற்பனையாளரைக் கடையில் எல்லாரும் பத்துபத்து என்றே கூப்பிட்டார்கள். வாட்ச் வந்த அன்று அவருக்கு வயது முப்பத்தொன்று. வாரத்தில் ஆறு நாள், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் அவர் அங்கே நின்றார். நின்ற நேரமெல்லாம் அவருக்குக் காலை பத்து பத்து. கால் வலிக்காது, நகம் வளராது, வயது ஏறாது. வீட்டில் தூங்குகிற நேரமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் அவருக்கு வயதாகும் நேரம்.

அவர் மனைவி ஆல்டரேஷன் தையல்காரி. வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு, கடையில் வாங்கிய பேன்ட் சட்டைகளைப் பிடித்துக் கொடுப்பாள், பிரித்துக் கொடுப்பாள். ஊரில் பாதி ஆண்களின் இடுப்பு எப்போது எத்தனை அங்குலம் ஏறியது என்று அவளுக்குத் தெரியும். புருஷனின் இடுப்பு மட்டும் முப்பத்திரண்டிலேயே நின்றது. முதலில் அவளுக்குப் பெருமைதான், சும்மா சொல்லக் கூடாது. "எங்க வீட்டுக்காரருக்கு ஒரு முடி நரைக்கலை பாருங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சு நின்றது ஒரு பஸ்ஸில். கண்டக்டர் அவரைப் பார்த்து, "அக்காவுக்கும் சேர்த்து ரெண்டா சார்?" என்று கேட்டுவிட்டான். அவன்மேல் தப்பில்லை. அவரைவிட ஒரு வயது சின்னவள் அவள். ஆனால் அன்றைக்கு அவளுக்கு ஐம்பத்திரண்டு, முன்நெற்றி முழுக்க வெள்ளி. அவருக்குப் பார்வைக்கு நாற்பத்துநாலுக்கு மேல் ஒருநாள்கூடச் சொல்ல முடியாது. அவர் பதறிப்போய், "என் சம்சாரம்பா" என்றார். கண்டக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் டேப்பைக் கழுத்தில் போட்டபடியே உட்கார்ந்து கணக்குப் பார்த்தாள். லீவு நாள், காய்ச்சலில் படுத்த நாள் எல்லாம் கழித்து அவர் ஒன்பது வருடம் பின்தங்கியிருந்தார். அவள் எழுபதைத் தொடும்போது அவர் ஐம்பத்தைந்து தாண்டியிருக்க மாட்டார். அழகு போனதெல்லாம் அவளுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. தனியாகக் கிழவியாவதுதான் பயம். மூட்டு வலி என்றால் "அப்படியா" என்று கேட்பார், தனக்கும் வலிப்பதாகச் சொல்ல அவரிடம் ஒன்றும் இருக்காது. அவள் போன பிறகு இன்னொரு முழு வாழ்க்கை அவருக்கு மிச்சம் இருக்கும், அதில் அவள் இருக்க மாட்டாள். நினைக்க நினைக்க அவளுக்குக் கோபம் வந்தது. அவர் வேறு கவுண்டர் கேட்டுப் பார்த்தார். முதலாளி, "அந்த எடத்துல நிக்க உங்களை விட்டா எனக்கு யாருங்க இருக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். வேறு கடையில் கேட்டார். சான்றிதழில் இருந்த வயதும் முகத்தில் இருந்த வயதும் ஒத்துப்போகவில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

அவளுக்கு அம்மா வழியில் வந்த நிலம் கொஞ்சம் இருந்தது. அதை விற்றாள். புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு புதன்கிழமை, மிஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டுக் கடைக்குப் போனாள். மற்றவர்கள் எங்கே கோட்டை விட்டார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால் மூன்றாவது ஷோகேஸ் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல் நேராகக் கல்லாவுக்குப் போனாள்.

"அந்த நீல வாட்ச்சுக்கு பில் போடுங்க."

முதலாளி எழுந்தே விட்டார். "பாக்காமயே வாங்குறீங்களாம்மா?"

"பாத்தவங்க யாரு வாங்கினா?" என்றாள்.

பணம் கட்டி, ரசீதை மடித்துப் பையில் வைத்த பிறகுதான் அந்த டைல்ஸ் மேல் காலை வைத்தாள். உடனே அவளுக்கும் மனசு லேசாகி, இதெல்லாம் இன்னொரு நாள் பார்த்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. ரசீது பையில் இருந்ததால் அந்த எண்ணம் அவளை ஒன்றும் செய்யவில்லை. எதிரில் நின்ற புருஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவள் முதலாளிக்குக் கேட்காத குரலில் தன் ஏற்பாட்டைச் சொன்னாள். வாட்சை ஓடவிட வேண்டாம், குமிழை இழுத்தது இழுத்தபடியே அவள் கையில் கட்டிவிட வேண்டும். அவர் கடையில் இருக்கும் பகலெல்லாம் அவள் அதைக் கட்டிக்கொண்டு மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். அவர் வந்ததும், அவர்மேல் அதன் காலை படாதபடி கழற்றித் தோட்டத்துப் பக்கம் வைத்துவிடுவாள்.

"நான் நிக்கிறேங்க. நீங்க மெதுவா வந்து சேருங்க."

அவர் வாட்சை மெத்தென்ற துணியில் வைத்துத் துடைத்தார். அவள் மணிக்கட்டுக்குச் சரியாக இருக்கும்படி செயினில் மூன்று கண்ணிகளைக் கழற்றினார். பிறகு நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்று இருபது. அவள் கை நீட்டுவதற்குள் அவர் கட்டைவிரல் முட்களைப் பதினொன்று இருபதுக்குக் கொண்டுவந்து குமிழை உள்ளே தள்ளிவிட்டது.

வெயில் முதலில் போனது. அந்த இடம் எவ்வளவு இருட்டு என்பது அப்போதுதான் தெரிந்து, முதலாளி பல்பு வாங்கி வர ஆள் அனுப்பினார். பக்கத்து கவுண்டர்காரரின் டீயில் ஆடை படர்ந்தது. பிறகு பத்துபத்துக்கு வயது வந்தது. காதோரம் தொடங்கி உச்சிவரை நரை ஏறியது, கன்னம் தளர்ந்தது, தோள் சற்று இறங்கியது. மொத்தம் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். இடுப்பில் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து ஷோகேஸ்மேல் விழுந்தது.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க! சொன்னேன்ல, காதுல விழலையா?" ஒன்பது வருடத்தை இப்படி ஐந்து நிமிடத்தில் கொட்டிவிட்டாரே என்று நிஜமாகவே அழுதாள்.

"கைப்பழக்கம்மா. வித்தா தள்ளிடுவேன், தெரியும்ல" என்றார். வாரன்டி அட்டையில் நம்பரை எழுத வேண்டியிருந்தது. எழுத்து தெரியாமல் அட்டையைத் தூரத் தூரப் பிடித்தார். பக்கத்து கவுண்டர்காரர் ஒரு படிக்கும் கண்ணாடியை எடுத்து நீட்டினார். நம்பர் சரியாகத் தெரிந்தது.

முதலாளி அரை நாள் லீவு கொடுத்தார். இருவரும் பஸ் ஏறினார்கள். கண்டக்டர் அவர்களை இரண்டாம் முறை பார்க்காமல் இரண்டு டிக்கெட் கிழித்து, "ஐயா, அம்மாவ கூட்டிக்கிட்டு முன்னாடி போங்க, சீட் இருக்கு" என்றான். இரண்டாவது நிறுத்தம் தாண்டியதும் அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே, "இது எப்பவும் இப்படித்தான் குத்துமா?" என்று கேட்டார். அவள் இன்னும் கோபத்தில் இருந்தாள். ஆனாலும், "படி ஏறும்போது பாருங்க, இன்னும் நல்லா இருக்கும்" என்றாள்.

ஒரு மாதம் கழித்து செயினைச் சரிசெய்ய அவள் கடைக்குப் போனாள். மூன்றாவது ஷோகேஸில் பல்பு எரிந்தது, வியாபாரம் சுமாராக நடந்தது. முதலாளி அவளை உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சோடு பேச்சாக, "உங்க வீட்டுக்காரர் மாதிரி வராதும்மா. முப்பது வருஷம் ஆகப்போகுது. கஸ்டமரைக் கேக்காம ஒரு வாட்ச்ல, ஒரு நாள்கூட, முள்ளைத் தொட்டதில்லை, குமிழைத் தள்ளினதில்லை" என்றார்.

அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். வீட்டில் அவர் பேன்ட்டுகள் ஏழும் மிஷின் பக்கத்தில் கிடந்தன. அவரைக் கூப்பிட்டு நிறுத்தி டேப்பை இடுப்பில் சுற்றினாள். முப்பத்தாறு. கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. டேப்பை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மணி என்ன?" என்று கேட்டார்.

அவள் கையைப் பார்த்துச் சொன்னாள். பிறகு முதல் பேன்ட்டை எடுத்து, பின் தையலைப் பிரிக்க உட்கார்ந்தாள்.