பொன்னாங்காணியும் இரண்டு கோப்பையும்

காத்தான்குடியில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிவைப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவான். பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கிற மகளை அவள் மாமியார் வந்து கூட்டிக்கொண்டு போனாள் என்றால், தாய்க்குப் பார்க்க வக்கில்லை என்று ஊர் பேசும். அந்த அவமானத்தைத்தான் சம்பந்தி றுமைஸா, ஸஹீதாவின் வாசலில் நின்று, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"புள்ளட ரெத்தம் எட்டுப் புள்ளி நாலு. நீங்க மாடு மேயிற எலையெல்லாம் ஆக்கிக் குடுக்கிறீங்க. அடுத்த கிளினிக்கில ஏறல்லெண்டா மருமகள என்ட வீட்ட கூட்டிப் போவன், மச்சி. என்ட மகன் இஷாமும் கட்டாரில இருந்து ஓமெண்டு சொல்லிட்டான்."

"ஏறும். ஏறாட்டி நீங்களே கூட்டிப் போங்க," என்றாள் ஸஹீதா. ரோசத்தில் வாய் முந்திவிட்டது.

றுமைஸா கொண்டுவந்த வெளிநாட்டுப் பால்மா டின்களை மேசையில் அடுக்கினாள். செருப்பைப் போடும்போது இன்னொன்றையும் சொன்னாள். "சோத்துக்கு மேல தேத்தண்ணி குடுக்கிறதையும் நிப்பாட்டுங்க. அது கூடாது."

ஸஹீதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அடுப்பில் என்ன கொதிக்க வேண்டும் என்றும் இவளா சொல்வது? அதுவரை மகள் நஸீபாவுக்குச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு கோப்பைதான் கொடுத்துவந்தாள். அன்று பகல், நல்ல சாயமாக இரண்டு கோப்பை தேத்தண்ணி ஊற்றி வைத்தாள். கேட்பதற்கு றுமைஸா அங்கே இல்லை. ஆனாலும் அவள் முகத்தில் அடித்த மாதிரி ஒரு திருப்தி.

அந்த மாதம் முழுவதும் ஸஹீதா ஓய்ந்திருக்கவில்லை. காலையில் வாவிக்கரையில் குனிந்து பொன்னாங்காணி ஆய்வாள். வேலியில் படர்ந்த முசுட்டை, வளவில் நின்ற முருங்கை, ஒன்றையும் விடவில்லை. கடையில் கோவா, கரட் என்று மரக்கறி வாங்குகிற பெண்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். தேங்காய்ப்பூப் போட்டுச் சுண்டி, சுடச்சுடச் சோற்றில் வைத்தாள். நஸீபா மண்வாடை என்று மூக்கைச் சுளிப்பாள். "அது போறதுக்கு இதக் குடி மகள்," என்று சீனி தூக்கலாக இரண்டு கோப்பை. றுமைஸாவின் டின்கள் தூசி பிடித்துக் கிடந்தன.

கிளினிக் நாளில் றுமைஸா இவர்களுக்கு முந்தியே வந்து வாங்கில் உட்கார்ந்திருந்தாள். ஒருவருக்கொருவர் ஸலாம் சொன்னார்கள். மருத்துவ மாது பர்ஸானா மிஸ் காகிதத்தைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள்.

"எட்டுப் புள்ளி அஞ்சு. என்ன சாப்பிடுறீங்க?"

"புல்லு," என்றாள் றுமைஸா.

நஸீபா இலைகளின் பெயரைச் சொன்னாள். மிஸ் நிமிர்ந்தாள். "ஆர் சொன்ன புல்லெண்டு? இரும்புச்சத்துள்ள எலைகள். கடைக் கோவாவில இந்தளவு கிடையாது. தேசிக்காயும் புளிஞ்சி சாப்பிட்டா இன்னும் நல்லம்."

ஸஹீதாவின் நெஞ்சு நிமிர்ந்தது. றுமைஸாவைத் திரும்பிப் பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள்.

"அப்ப ஏன் ஏறல்ல?" மிஸ் யோசித்தாள். "சாப்பிட்ட உடனே தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

"ஓம் மிஸ். ரெண்டு கோப்பை. நீங்க தந்த இரும்புக் குளிசையும் அதோடதான் போடுற. முந்தி ஒண்டுதான். மாமி வேணாமெண்டு சொன்ன நாளில இருந்து உம்மா ரெண்டு தாறா."

பாவி மகள், மறைக்கத் தெரியாமல் வளர்த்துவிட்டேனே! மிஸ் தலையில் கை வைத்தாள். "தேத்தண்ணிச் சாயம் வயித்துக்குள்ள போய் எலையிர சத்தையும் குளிசையிர சத்தையும் ஒடம்பில சேர விடாது. ஒரு மாசம் வீணாப் போயிட்டே!"

றுமைஸா எழுந்தாள். நஸீபாவின் கைப்பையை எடுத்துத் தன் தோளில் மாட்டினாள். ஏறாட்டி நீங்களே கூட்டிப் போங்க என்று வாக்குக் கொடுத்தது ஸஹீதாதானே. முச்சக்கரவண்டி மாமியும் மருமகளுமாக இரண்டு பேரோடு போனது.

வீட்டில் அன்று அவள் அழுதாள். றுமைஸாவை நினைத்து அல்ல. அந்த இரண்டாவது கோப்பையை நினைத்து.

மறுநாள் காலை வாவிக்கரையில் பறித்த பொன்னாங்காணியோடு றுமைஸாவின் வாசலில் போய் நின்றாள்.

"மாடு மேயிறதக் கொண்டந்திரிக்கன், மச்சி."

"தாங்க. மிஸ் சொன்னாக் குடுக்கத்தானே வேணும்," என்று றுமைஸா வாங்கிக்கொண்டாள். அங்கேயே உட்கார்ந்து ஆய்ந்து, சுண்டி, தேசிக்காய் பிழிந்து மருமகளுக்கு வைத்தாள். பக்கத்தில் வெறும் தண்ணீர். பிறகு குசினிக்குள் போய்ச் சாயத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து ஸஹீதாவின் முன்னால் வைத்தாள். ஒன்றல்ல, இரண்டு கோப்பை.

"குடிங்க மச்சி. ஒங்களுக்கு விருப்பம்தானே."

நஸீபா சோற்றைப் பிசைந்தபடி தலையைக் குனிந்துகொண்டாள். கோப்பையைத் தூக்கி முற்றத்தில் வீச வேண்டும் போல் இருந்தது ஸஹீதாவுக்கு. வீசினால் நாளைக்கு இந்தக் கதவு திறக்காது. இலையும் உள்ளே போகாது.

அவள் இரண்டையும் குடித்தாள்.