ஆறாவது கேள்விக்குச் சொர்ணலதாவின் பதில்

எங்கள் இன்ஸ்டிட்யூட்டில் யாரும் இங்கிலீஷ் கற்றுக்கொள்வதில்லை. பதில் கற்றுக்கொள்கிறார்கள். கன்னடம் பேசுகிற இந்த ஊரின் அக்ரஹாரம் ஏரியாவில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடி, பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை. காலை ஆறரைக்கு ஹெப்பாள் பக்கம் கம்பெனிகளில் கூட்டித் துடைக்கிற பெண்கள் வருவார்கள். பத்து மணிக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூட மீட்டிங்கில் வாய் திறக்க முடியாமல் தலைகுனிந்து வந்த அம்மாக்கள். சாயங்காலம், டிகிரி முடித்து வேலை கிடைக்காதவர்கள். மூன்று கூட்டத்துக்கும் அதே முப்பது இன்டர்வியூ கேள்விகள்.

முதலாளி நஞ்சுண்டசாமி சாரின் ஏற்பாடு இது: யாராவது நல்ல பதில் சொன்னால், பாடம் நடத்துகிற நான் அதைத் திருத்தி, பெயரை எடுத்துவிட்டு, மூன்று பேட்ச்சும் இருக்கிற வாட்ஸப் குரூப்பில் போட வேண்டும். எல்லாரும் மனப்பாடம் செய்ய வேண்டும்.

எனக்கு இதில் கூச்சம் இருந்ததில்லை. ஹனூரில் மானாவாரி நிலம் வைத்திருக்கும் கருப்புசாமியின் மகள் நான். வீட்டில் முதல் டிகிரி. அந்த பி.ஏ. இங்கிலீஷையே கைடு வாங்கி நெட்டுரு போட்டுத்தான் முடித்தேன். மனப்பாடம் செய்யாதே, புரிந்து படி என்று சொன்ன லெக்சரர்கள் எல்லாரும் வீட்டில் இங்கிலீஷ் பேசுகிறவர்கள்.

காலை பேட்ச்சில் சொர்ணலதா அக்கா இருந்தார். நாற்பத்தொரு வயது. பெரிய கம்பெனி வளாகம் ஒன்றில் காண்ட்ராக்டில் கக்கூஸ் கழுவுகிற வேலை. ஆசிட் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் உரிந்து, கைநாட்டு மெஷின் அவர் விரலை ஏற்காது. காண்ட்ராக்ட்காரர்கள் ஒரு சூப்பர்வைசர் எடுக்கப் போகிறார்கள். இன்டர்வியூ இங்கிலீஷில். கிடைத்தால் அந்தக் கை ஆசிட்டைத் தொட வேண்டாம்.

ஆறாவது கேள்வி: நீங்கள் சமாளித்த ஒரு கஷ்டமான நிலைமையைச் சொல்லுங்கள்.

"என்னத்த சொல்றது மிஸ்? டாய்லெட் அடைச்சுக்கிச்சு, குத்தி விட்டேன்னு சொல்லட்டா?"

பக்கத்தில் இருந்த காவேரி, "அதையே சொல்லுக்கா. உடனே சீட்டுக் கிழிச்சுக் குடுத்துருவாங்க," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

மற்றவர்கள் பஸ்ஸுக்கு ஓடிய பிறகு அக்கா மட்டும் நின்றார். எட்டு வருடத்துக்கு முன் நஞ்சன்கூட்டில் ஒரு ஃபேக்டரி கட்டடத்தில் புருஷனும் அவரும் வேலை செய்தபோது, புருஷன் சாரத்திலிருந்து விழுந்தாராம். மேஸ்திரி ஓடிவிட்டான். தன் சேலையைக் கிழித்துத் தலையைக் கட்டி, தக்காளி ஏற்றி வந்த டெம்போவை மறித்து, அதில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். பிழைக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்து, சேஃப்டி பெல்ட் வருகிறவரைக்கும் யாரும் மேலே ஏறக் கூடாது என்று சாரத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டார். மூன்றாம் நாள் பதினான்கு பெல்ட் வந்தது.

"இதெல்லாம் கேப்பாங்களா மிஸ்?"

"இதைத்தான் கேப்பாங்கக்கா."

ஒன்பது வரியில் எழுதிக் கொடுத்தேன். மற்ற பதில்களில் எல்லாம் திக்குகிறவர் இதில் ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கே குரூப்பில் போட்டேன்.

இன்டர்வியூ முடிந்த அன்று சாயங்காலம் அக்கா யூனிஃபார்மோடு நேராக மாடி ஏறி வந்தார். உட்காரவில்லை.

"அந்தம்மா சிரிச்சாங்க மிஸ்."

"எதுக்குக்கா?"

"நான் டெம்போ வரைக்கும் வந்துட்டேன். கைய நீட்டி நிறுத்திட்டாங்க. காலைல ஒரு பொண்ணு வந்துச்சாம். அதுக்கு அப்பா விழுந்தாராம். அதே சாரம், அதே டெம்போ, அதே பதினாலு பெல்ட்டு. 'உங்க ஜனமெல்லாம் ஒரே சாரத்துல இருந்துதான் விழுவீங்களா'ன்னு கன்னடத்துல கேட்டாங்க. நிஜா மேடம், நிஜான்னேன். அதுக்கும் சிரிச்சாங்க."

ஒரு நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"பொய் சொல்றவங்கள சூப்பர்வைசரா வைக்க மாட்டோம்னு பேப்பர்ல எழுதிட்டாங்க மிஸ். நிஜம்னு நம்ப வைக்கிறதுக்கு நீங்க பதில் எழுதிக் குடுக்கலையே."

குத்தலாகச் சொல்லவில்லை. பாடத்தில் விட்டுப்போன ஒரு குறையாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

அந்தப் பெண் ஸ்வாதி. சாயங்கால பேட்ச், பி.காம்., நஞ்சன்கூட்டிலிருந்து ரயிலில் வருகிறவள். அப்பா அங்கே ஃபேக்டரியில் வாட்ச்மேன். இதுவரை எங்கிருந்தும் விழுந்ததில்லை. வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. மறுநாள் ஸ்வீட் பாக்ஸோடு வந்தாள். படிக்கட்டிலேயே பிடித்துக்கொண்டேன்.

"எப்படிடி சொன்ன? உனக்கு வாய் கூசல?"

"நீங்கதானே மிஸ் குரூப்ல போட்டீங்க? எல்லாரும் பைஹார்ட் பண்ணுங்க, ஒரு வார்த்தை மாறக் கூடாதுன்னு வாய்ஸ் மெசேஜ் வேற. எனக்கு ஹஸ்பண்ட் இல்ல, அதனால ஃபாதர்னு மாத்தினேன். அஷ்டே, அவ்வளவுதான்."

"அது ஒருத்தங்களோட வாழ்க்கை."

"யாரோடதுன்னு போட்டிருந்தீங்களா?"

போடவில்லை. பெயரை அழித்தது என் கைதான்.

நஞ்சுண்டசாமி சாரிடம் போனேன். ஸ்வாதியின் போட்டோவைப் பெரிதாகப் பிரின்ட் எடுத்து வெளிச்சுவரில் ஒட்ட அளந்துகொண்டிருந்தார். காண்ட்ராக்ட் ஆபீசுக்குப் போன் செய்து, இரண்டாவதாக வந்தவரின் கதைதான் உண்மை என்று சொல்லுங்கள் என்றேன்.

"சொல்லி?" என்றார் கன்னடத்தில். "நம்ம ஸ்டூடன்ட் பொய் சொல்லி வேலை வாங்கினாள்னு நானே சொல்லணுமா? அப்புறம் இந்தப் படி யார் ஏறுவா? உனக்கு அவ்வளவு நியாயம் இருந்தா நீயே பண்ணு. ஆனா நாளைக்கு இங்கே வராதே."

நம்பர் என் போனில் இருந்தது. இரண்டு நாள் அதைத் திறந்து திறந்து பார்த்தேன். போன் செய்தால் ஸ்வாதியின் வேலை போய்விடும், அவளும் இல்லாத வீட்டுப் பெண், அதனால்தான் செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டேன். பொய். என் வேலைக்காகத்தான் செய்யவில்லை. ஊருக்குத் திரும்பிப் போய், டிகிரி முடித்த மகள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள் என்று அப்பாவை நாலு பேர் கேட்கும்படி வைக்க எனக்குத் தைரியம் இல்லை. நஞ்சுண்டசாமியைத் திட்டினேன், ஸ்வாதியைத் திட்டினேன், சிரித்த அந்தப் பெண்மணியைத் திட்டினேன். நம்பரை மட்டும் அழுத்தவில்லை.

மூன்றாம் நாள் ஆறரைக்குச் சொர்ணலதா அக்கா வந்து வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். இனி வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். வராமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்திருந்தேன்.

"தீபாவளி முடிஞ்சு இன்னொரு பில்டிங்குக்கு ஆள் எடுக்குறாங்களாம் மிஸ். ஆறாவது கேள்விக்கு வேற ஒண்ணு எழுதிக் குடுங்க."

"உங்களுது உண்மைக்கா. அடுத்த தடவை வேற மேடம் இருப்பாங்க. அதையே..."

"வேண்டாம் விடுங்க. அது எல்லாருக்கும் ஆயிருச்சு. ஏதாச்சும் பொய்யா எழுதுங்க. தண்ணி பைப்பு உடைஞ்சுது, லிஃப்ட்டு நின்னுது, எதோ ஒண்ணு." நோட்டைத் திறந்து என் பக்கம் தள்ளினார். "என் வீட்டுக்காரரு மட்டும் அதுல வர வேண்டாம். அவர ஒருக்கா அங்க கூட்டிட்டுப் போனதே போதும்."

லிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட நான்கு பேரை அவர் காப்பாற்றியதாக எழுதினேன். எட்டு வரி. அவர் வாசித்தார். முதல் வரியிலேயே திக்கியது. மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் திக்கியது. பிறகு மற்றவர்களும் வந்து உட்கார, வகுப்பை ஆரம்பித்தேன்.