நல்ல செல்களின் தட்டு

எனக்கு வாயில் எதுவும் தங்காது. போன வாரம் அக்கா வீட்டில் சாப்பிடும்போது உளறிக் கொட்டினேன்.

"எங்க லேப்ல ஒரு மரப்பட்டைச் சாறு. மருந்துக்கு அசையாத புற்று செல்லுங்களுக்கு அதையும் சேர்த்துக் கொடுத்தோம். கூண்டோட காலி!"

அக்காவின் கட்டியும் அதே மருந்துக்கு அசைவதை நிறுத்தியிருந்தது; இன்னும் ஒரு சுற்று ஏற்றிப் பார்க்கலாம் என்றிருந்தார் டாக்டர். அக்கா வீட்டுக்காரர், என் மாமா, தட்டைத் தள்ளிவிட்டு என் பக்கம் திரும்பினார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"செல் வாசல்ல ஒரு காவல்காரன் இருக்கான் மாமா. மருந்து உள்ள போனா வெளிய தள்ளிடுவான். இந்தப் பட்டை அவன் கையைக் கட்டிப் போட்டுடுது."

மரத்தின் பெயரைக் கேட்டார். சொன்னேன்.

லேபில் எதையும் முதலில் புற்று செல்கள் வளரும் குழித் தட்டில்தான் சோதிப்போம். அதில் தேறினால்தான் நல்ல செல்களின் தட்டு. இன்று காலை அதை மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். மருந்து மட்டும் விட்ட குழிகளில் இதயச் செல்கள் அடியில் ஒட்டித் துடித்துக்கொண்டிருந்தன. பட்டைச் சாறும் சேர்ந்த குழிகளில் எல்லாம் சுருண்டு மிதந்தன. நல்ல செல்லுக்கும் அதே காவல்காரன்தான்.

கையுறையைக் கழற்றிவிட்டுப் போனைப் பார்த்தேன். மாமா மெசேஜ் அனுப்பியிருந்தார். "மருந்து ஏத்த அக்காவைக் கூட்டிட்டு வந்திருக்கேன். நீ சொன்ன பட்டைப் பொடியை தினமும் வெந்நீர்ல கலந்து கொடுக்கறேன். டாக்டர்கிட்ட சொல்லல, திட்டுவாரு."

மாமா போனை எடுக்கவில்லை. அக்காவும் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி எதிர் கட்டிடம்தான். படிகளில் இறங்கி ஓடினேன். சுருண்டு மிதந்த செல்கள்தான் கண்ணுக்குள் நின்றன.

அக்கா சாய்வு நாற்காலியில் இருந்தாள். கையில் ஊசி, தலைக்கு மேல் மருந்துப் பை. நர்ஸின் விரல் குழாய்த் திருகில் இருந்தது.

"திறக்காதீங்க!"

வார்டே திரும்பியது. நர்ஸ் கையை எடுத்தார். டாக்டர் வந்து நான் சொன்னதைக் கேட்டார், மாமாவை ஒரு பார்வை பார்த்தார், பையைக் கழற்றச் சொன்னார்.

"நல்லதுன்னு நெனச்சுதானே கொடுத்தேன்," என்று மாமா முகத்தைப் பொத்திக்கொண்டார்.

நான் அக்கா காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

"பொடி சாப்பிடலேன்னா மருந்து கட்டியை ஒண்ணும் பண்ணாது. அதானே?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா."

"சாப்பிட்டா என் இதயத்தையே அழிச்சிடும்."

"அழிச்சிடலாம்."

"நல்ல செல்லை விட்டுட்டு கட்டியை மட்டும் கொல்ற மாதிரி கண்டுபிடிப்பீங்கல்ல?"

"தேடிட்டுதான் இருக்கோம்."

"பயமா இருக்குடி." இத்தனை மாதத்தில் முதல் முறையாகச் சொன்னாள். "அது வரைக்கும் நான் இருப்பேனா?"

எதையாவது உளறிவிடும் என் வாய் அப்போது திறக்கவே இல்லை.