படகுக்குப் பூசிய கதவு வார்னிஷ்

சமயநல்லூரில் கதவு, ஜன்னல் செய்து பிழைக்கிற பால்பாண்டிக்குப் படகு வேலை புதிது. வண்டியூர்க் கண்மாயில் ஓடும் பழைய மோட்டார் படகின் மேல்தளப் பலகைகள் உளுத்துப்போயிருந்தன. அவற்றைப் பெயர்த்தெடுத்துப் புதுப்பலகை அடித்து, வாசற்கதவுக்குப் பூசுவதுபோலவே வார்னிஷ் பூசி மினுக்கிவிட்டார். படகின் சொந்தக்காரி ரோகிணி அதில் முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"அண்ணே, மத்த ரெண்டு படகும் உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் படகோட்டி ராஜபாண்டி ஈரக்காலோடு ஏறினான். சர்ரென்று வழுக்கி, கம்பியைப் பிடித்துத் தப்பினான்.

"அடிபட்ருச்சா மாப்ள?"

"இல்ல மாமா. கதவு மேல யாரு நடக்கப்போறா? படகுல நடப்பாகல்ல" என்று சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்காட்ட நான் சொல்லல. நீங்களே பாத்துக்கங்க" என்றான்.

ஒருவரின் தப்பைத் தெரிந்துகொண்டு, அதைத் திருத்த அவருக்கே இடம் விடுவதும் புண்ணியம்தான்.

பளபளப்பைச் சுரண்டினால் மற்ற படகுகள் கைவிட்டுப் போகலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் ஏறுவார்களே. பால்பாண்டி மாரியம்மன் கோயில் திசையில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு உப்புத்தாளை எடுத்தார். ராஜபாண்டி கேட்காமலே மணல் சலித்துக் கொண்டுவந்தான். மறுபடி பூசி, கால் வழுக்காமலிருக்க, காயுமுன் அந்த மணலைத் தூவினார்கள்.

மறுநாள் வந்த ரோகிணி முகம் சுளித்தாள். "என்னண்ணே, இம்புட்டுச் சொரசொரன்னு கெடக்கு?"

"என் தப்புத்தான் தாயி. கதவு மாதிரி பூசிட்டேன், கால் வழுக்குச்சு."

அவள் செருப்பைக் கழற்றி, காலை நனைத்து, தளத்தின் கடைசிவரை நடந்து பார்த்தாள்.

"எங்கம்மாவத்தான் மொத ஆளா ஏத்தலாம்னு இருந்தேன்" என்றாள் மெதுவாக. "அடுத்த படகுக்கும் மணல் சலிச்சு வைங்கண்ணே."