அவள் பேசிக்கொண்டிருந்தபோது

யாராவது ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். கடைக்காரர் என் கணவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்வது நான்தான். "முந்திரிக்கொட்ட, எனக்கும் வாய் இருக்குடி" என்பார். இப்படிப்பட்டவளுக்கு அமைந்த வேலையைப் பாருங்கள்! உயர்நிலைப் பள்ளியில், வீட்டில் வேறு மொழி பேசிவிட்டு வகுப்பில் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்து உதவுகிறேன்.

இந்த வருடம் என் பொறுப்பில் விட்டது ஒரு பதினான்கு வயதுப் பெண்ணை. நம்ம தமிழ்ப் பிள்ளை. முன்பு நம்ம ஊரில் படித்த பள்ளியில் அறிவியலில் இவளை அடிக்க ஆள் கிடையாதாம். இங்கே மொழி அறை என்ற சின்ன அறையில், தன்னைவிடச் சிறிய பிள்ளைகளோடு உட்கார்ந்து படத்துக்குப் பெயர் பொருத்திக்கொண்டிருந்தாள். நாற்காலிப் படத்தின் கீழே நாற்காலி என்று ஆங்கிலத்தில் எழுதும்போது அவள் முகம் சுண்டிப்போகும்.

அறிவியல் வகுப்புக்கு மட்டும் அவளை நான் கூட்டிப்போவேன். அந்த ஆசிரியர் நல்ல மனிதர்தான், ஆனால் சரியான ஆமை. கேள்வியைக் கேட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அவள் உதட்டைக் கடிப்பாள். பிள்ளை தவிக்கிறதே என்று பதிலை நானே சொல்லிவிடுவேன். "கொஞ்சம் விட்டுத்தான் பாருங்களேன்" என்று அவர் இரண்டொரு தடவை சொன்னார். மொழி தெரியாமல் நாலு பேர் நடுவில் முழிப்பது எப்படியிருக்கும் என்று இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

வருடக் கடைசியில் அவளுக்கு ஒரு சோதனை வைத்தார். வகுப்பின் முன்னால் நின்று, தான் செய்த ஒரு பரிசோதனையை யார் துணையும் இல்லாமல் சொல்லி முடிக்க வேண்டும். முடித்தால் அடுத்த வருடம் எல்லாப் பாடங்களையும் மற்றவர்களோடு படிக்கலாம். இல்லையென்றால் மறுபடி மொழி அறைதான். அவள் அம்மா பள்ளி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படியாவது கரையேத்தி விட்டுடுங்க டீச்சர். வீட்டுக்கு வந்தா பேச்சே கிடையாது. சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா."

நான் டீச்சர் இல்லை, உதவியாள்தான் என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். கேட்க நன்றாக இருந்ததால் சொல்லாமலே விட்டிருந்தேன்.

சோதனையன்று பார்த்து அலுவலகத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். வேறொரு பிள்ளையின் அப்பா தொலைபேசியில் பேசுகிறாராம், மொழிபெயர்க்க வேண்டுமாம். முடித்துவிட்டு அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினால், அவள் தொடங்கிவிட்டிருந்தாள். வகுப்பின் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. கதவிலிருந்த கண்ணாடி வழியே பார்த்தேன்.

பேசிக்கொண்டிருந்தாள். நம்புங்கள், ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தாள்! உப்புத் தண்ணீரைக் காய்ச்சி உப்பைப் பிரித்த கதை. ரெண்டு சொல் வரும், நிறுத்துவாள், கூரையைப் பார்த்து யோசிப்பாள், அப்புறம் அடுத்தது வரும். யாரும் அவசரப்படுத்தவில்லை. உப்பு எவ்வளவு கிடைத்தது என்று ஒருத்தி கேட்டாள். "நிறையத்தான் கிடைச்சுது. ஆனா பக்கத்து மேசைக்காரி பாதிய நக்கிட்டா" என்றாள் இவள். வகுப்பே சிரித்தது, இவளும் சிரித்தாள். இத்தனை மாதம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், இவளுக்குக் குறும்பு உண்டென்று எனக்குத் தெரியவே தெரியாது.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? பட்டேன். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்று ஏதோ தைத்தது. நான் இல்லாமலா?

அப்போது அவள் நிறுத்தினாள். கையில் குடுவை, கண் கூரையில். ஆசிரியர் காத்திருந்தார், பிள்ளைகளும் காத்திருந்தார்கள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், நின்ற இடத்திலேயே அந்த வாக்கியத்தை நானே முடித்து வைத்தேன். அதுவும் கணீரென்று.

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. அவள் முகத்தில் சிரிப்பு வடிந்துபோயிற்று. குடுவையை மேசைமேல் வைத்தாள். "மீதிய அவங்க சொல்லுவாங்க" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஆசிரியர் என்னிடம் வந்து, "தயவுசெஞ்சு வெளிய இருங்க" என்றார். வெளியே வந்தும் கண்ணாடியை விட்டு நகர்ந்தேனா? அவர் ஏதோ கேட்டுக் கேட்டுப் பார்த்தார், அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். ஒருமுறை எழுந்திருக்கப் போனவள் கதவைப் பார்த்தாள். என் முகத்தைக் கண்டதும் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுவரோரம் ஒதுங்கினேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

மணி அடித்ததும் ஆசிரியர் வெளியே வந்தார். "நாளைக்கு மறுபடி பண்ணலாம்னு சொன்னேன். வேணாங்கிறா. மொழி அறையிலயே இருந்துக்கிறாளாம்." சொல்லிவிட்டு நடந்துவிட்டார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

வாசலில் அம்மா காத்திருந்தார். "என்னடி ஆச்சு?"

"பாதியில மறந்துபோச்சும்மா" என்றாள் அவள்.

அவள் எங்கே மறந்தாள்? நான்தான் கெடுத்தேன் என்று சொல்ல வேண்டியவள் நான். கூடவே நின்றுகொண்டிருந்தேன், சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது என்று சொன்னால் அதுவும் சாக்குத்தான்.

அம்மாவின் முகம் தொங்கிப்போயிற்று. ஆனாலும் மகளின் முதுகைத் தடவிக் கொடுத்தார். "போனாப் போவுது, விடு. அதான் டீச்சர் இருக்காங்கல்ல? அடுத்த வருஷமும் உன் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்குவாங்க. பாத்துக்குவீங்கல்ல டீச்சர்?"

அந்தப் பெண் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இப்போதாவது உண்மையைச் சொல்வேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ.

"பாத்துக்கிறேம்மா, நான் எங்க போயிடப் போறேன்" என்றேன்.