கன்னத்தில் பொட்டு வைத்த துரைசாணி

முத்தாரம்மாளுக்கு வேண்டியது ஒன்றுதான். இந்தத் துரைசாணியை முடித்துக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிப் படுக்க வேண்டும். கல்யாணச் சாப்பாடே வீடு தேடி வந்தாலும் எழுந்திருக்கக் கூடாது.

துரைசாணி என்றால் துணியில் தைத்த துரைசாணி. கிழக்கேகோட்டையில் ஹரிகுமாரின் மரச்சாமான் கடைக்கு அமெரிக்க மதாம்மா ஒருத்தி ஆர்டர் கொடுத்திருந்தாள். அந்த நாட்டில் இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் பெரிய வீட்டுப் பெண்கள் பூத்தையல் போட்டுக் கணப்புக்கு எதிரே நிறுத்திவைத்த திரை. முகத்தில் தீச்சூடு படாமலிருக்க. திரையைத் தாங்கும் மரக்கால் ஹரிகுமார் பொறுப்பு. ஆடு மேய்க்கும் துரைசாணியும் புல்வெளியும் முத்தாரம்மாள் பொறுப்பு. குளிர்தேசத்துச் சாமானை அவள் விசிறி ஓடாத அறையில் வியர்வை சொட்டச் சொட்டத் தைத்தாள்.

புல் அச்சு அசலாக அமைந்துவிட்டது. அடுத்த வீட்டு சபீனாவின் ஆடு உள்ளே வந்து ஒரு மூலையை மேய்ந்துவிட்டுப் போனது. துணியிலிருந்த ஆடுகள் ஒதுங்கி வழிவிட்டதாகவும் சபீனா சொன்னாள். அதை நாம் அப்படியே நம்ப வேண்டியதில்லை. மேய்ந்ததை மறுபடி தைத்ததில் முத்தாரம்மாளின் கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது.

கடைசித் தையல் விழுந்ததும், துரைசாணி மூச்சு விடுகிறாள் என்றாள் சபீனா. உடனே முத்தாரம்மாளின் கை கறுப்பு நூலைக் கோத்துக் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தது. யோசித்துச் செய்ததல்ல. அழகான பிள்ளைக்கு வைப்பதில்லையா, அப்படி.

கடையில் ஹரிகுமார் துணியை விரித்தார்.

"எந்தா சேச்சி இது? மதாம்மா தந்த போட்டோவில இந்த மறு இல்லியே."

"திருஷ்டிப் பொட்டு சாரே. கண்ணு பட்டுரும்லா."

பிரிக்கச் சொன்னார். பிரித்தால் கன்னம் கிழியும். கிழிந்தால் முகத்தையே மறுபடி தைக்க வேண்டும். அதற்குள் தம்பானூர் ஓட்டலில் தங்கியிருந்த மதாம்மாவே ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

குனிந்து வெகுநேரம் பார்த்தாள். அந்தக் காலத்தில் சில சீமாட்டிகள் அழகுக்காகக் கன்னத்தில் கறுப்புப் பட்டுத் துணுக்கு ஒட்டிக்கொள்வார்களாம். இது எப்படித் தெரிந்தது என்று கண் கலங்கிவிட்டாள். எல்லாம் எங்கள் ஆராய்ச்சி என்றார் ஹரிகுமார், கூசாமல். அப்படியானால் சாப்பாட்டு மேசை நாற்காலிகள் அத்தனையின் இருக்கையிலும் ஒவ்வொரு துரைசாணி வேண்டும், எல்லாருக்கும் பொட்டு வேண்டும் என்றாள் மதாம்மா.

முத்தாரம்மாள் பக்கத்திலிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அதற்கு இன்னும் இருக்கை போடவில்லை. சட்டத்துக்குள் இடுப்புவரை இறங்கி மாட்டிக்கொண்டவளைத் தூக்க ஹரிகுமார் கை நீட்டினார். வேண்டாம், இதுவே சுகமாக இருக்கிறது என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அந்தப் பொட்டு எனக்குல்லா வச்சிருக்கணும், சாரே."